குழந்தைகளும் பெரியவர்களும் சமமாகப் பேசும் பள்ளிக் கூட்டம்: தொடங்குவதற்கும் தொடர்ந்து நடத்துவதற்கும் ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், லெய்ஸ்டன் என்ற சிற்றூரில் சம்மர்ஹில் பள்ளி இருக்கிறது. ஏ. எஸ். நீல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1921-இல் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரை ஒட்டிய ஹெல்லரௌவில் தொடங்கிய பள்ளி அது. 1927 முதல் லெய்ஸ்டனில் நடக்கிறது. நீலின் அலுவலக அறைக்குக் கீழே ஒரு கூடம் இருந்தது. பிள்ளைகள் அதற்குள் கால்பந்து ஆடுவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு என்று எல்லோரும் சேர்ந்து விதிகளை முடிவு செய்யும் பள்ளிக் கூட்டம் அங்கே உண்டு. சத்தத்தில் வேலை ஓடவில்லை என்று நீல் அந்தக் கூட்டத்தில் எழுந்து, கூடத்துக்குள் கால்பந்து ஆடத் தடை வேண்டும் என்று கேட்டார். சில பெண்பிள்ளைகள், சில பெரிய பையன்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் என்று ஆதரவு இருந்தது. ஆனாலும் தீர்மானம் தோற்றது. பள்ளியை நிறுவியவரே அந்தச் சத்தத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்தார். பிறகு பல கூட்டங்களில் இதே பேச்சு திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் ஒரு நாள் பெரும்பான்மை அவர் பக்கம் வந்தது.

ஜனநாயகப் பள்ளி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். குழந்தைகளைப் பேச விடுகிறோம், அவர்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று எல்லாப் பள்ளிகளும் சொல்கின்றன. பேச விடுவது எளிது. பெரியவர் தன் கருத்தைக் காரணத்தோடு சொல்லி, குழந்தைகள் அதை ஏற்காமல் போக, மறுநாள் அந்த முடிவின்படியே பெரியவரும் நடக்கிறாரா? அங்கேதான் திறந்த உரையாடல் தொடங்குகிறது. தோற்கவே முடியாத ஒருவரோடு யாரும் மனம் திறந்து பேசுவதில்லை. குழந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

சிறிய மாற்றுப் பள்ளி நடத்துகிறவர்கள், தொடங்க நினைப்பவர்கள், வழக்கமான பள்ளியில் ஒரு வகுப்பையாவது இப்படி நடத்திப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த அதிகாரத்தைத் தருகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

குழந்தைகளைக் கூப்பிடும் முன் பெரியவர்கள் மட்டும் ஒரு முறை உட்கார வேண்டும். அவசரப்படாமல், ஒரு மாலைப்பொழுதையாவது இதற்கு ஒதுக்குங்கள். மூன்று பட்டியல் போடுங்கள். கூட்டமே முடிவு செய்வது ஒன்று. கூட்டத்தின் கருத்தைக் கேட்டுப் பெரியவர்கள் முடிவு செய்வது இரண்டு. பெரியவர்கள் மட்டுமே முடிவு செய்வது மூன்று.

எது எந்தப் பட்டியலில் வர வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. சம்மர்ஹில்லில் ஆசிரியர் நியமனம், பள்ளியின் பணம், உடல்நலம், பாதுகாப்பு போன்றவை நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. சேர்ந்து வாழ்வது தொடர்பான மற்ற எல்லாமே, தூங்கும் நேரம் முதல் சைக்கிள் ஓட்டும் இடம் வரை, கூட்டத்தின் கையில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃப்ரேமிங்ஹாம் நகரில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி இன்னும் தூரம் போனது. நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரு வாக்கு, ஆசிரியருக்கும் ஒரு வாக்கு. அடுத்த ஆண்டு யார் ஆசிரியராகத் தொடர்வது என்பதையே அங்கே பள்ளிக் கூட்டம் ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் முடிவு செய்கிறது.

இரண்டு பள்ளிகளும் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. ஆக, எவ்வளவு தருகிறீர்கள் என்பதைவிட, தருவதாகச் சொன்னதை உண்மையில் தருகிறீர்களா என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். முதல் பட்டியலில் இரண்டே விஷயம் இருந்தாலும் பரவாயில்லை. அந்த இரண்டில் குழந்தைகள் உங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுத்தால் அது செல்லும் என்று ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருக்குத் தயக்கம் இருந்தால் அந்த விஷயத்தை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள். முடிவை ரத்து செய்யும் உரிமை தலைமையாசிரியருக்கு உண்டு என்றால், அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு அந்த உரிமையை வெளியே எடுத்தீர்கள் என்றால், அந்தக் குழந்தைகள் அடுத்த கூட்டத்துக்கு உடம்பால் மட்டும்தான் வருவார்கள்.

பட்டியல் தயாரானதும் குழந்தைகள் படிக்கக்கூடிய எளிய வார்த்தைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "சம்பளம் யாருக்கு எவ்வளவு என்பதை நாங்கள் முடிவு செய்வோம். ஏன் என்று கேட்டால் சொல்வோம்" என்று நேராக எழுதலாம். எல்லை எங்கே என்று தெரிந்தால் குழந்தைகள் அதற்குள் தைரியமாகப் பேசுவார்கள்.

மூன்றாம் பட்டியலில் தவறாமல் இருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை, கடும் வன்முறை, வீட்டில் நடக்கும் கொடுமை என்று எது தெரியவந்தாலும் அது கூட்டத்துக்கு வரக் கூடாது. எல்லோர் முன்னாலும் பேச வேண்டிய விஷயமே அல்ல அது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தவர் அதைக் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற உதவி எண் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "இப்படி ஏதாவது என்றால் இந்த இருவரிடம் தனியாகச் சொல்லலாம்" என்று பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கூட்டத்துக்கு வெளியே பேசிப் பழகுங்கள்

கூட்டம் வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் சாப்பாட்டு வரிசையிலும் திண்ணையிலும் விளையாட்டுத் திடலிலும் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அப்படித்தான் கூட்டத்திலும் உங்களை நம்புவார்கள்.

"அக்கா, எனக்குக் கணக்கு வகுப்பே பிடிக்கல" என்று ஒரு சிறுமி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் வாயில் உடனே வருவது, "கணக்கு இல்லாம பிழைக்க முடியுமா கண்ணு?" அன்பான பதில்தான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிட்டது. "எப்பலேர்ந்து பிடிக்கல?" என்று கேட்டால் ஏதாவது வரும். பின்னம் ஆரம்பித்ததிலிருந்து என்று வரலாம். பக்கத்தில் உட்காரும் பையன் நோட்டைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றும் வரலாம். இரண்டாவதாக வந்தால் அது கணக்குப் பிரச்சினையே இல்லை.

தகராறு என்றால் "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் குழந்தை விளக்கம் தருவதில்லை, தற்காப்புதான் தரும். "என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்பது போதும். முழுக்கக் கேட்ட பிறகு, "அப்புறம்?" என்று இன்னொரு முறை கேளுங்கள். முக்கியமான செய்தி பெரும்பாலும் அந்த இரண்டாவது "அப்புறம்"-க்குப் பிறகுதான் வரும்.

கேட்டுக்கொண்டே இருப்பதும் உரையாடல் ஆகாது. தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்று சொல்லும் பெரியவர், தன் மனதில் இருப்பதை மறைத்துவைத்திருக்கிறார் என்று குழந்தை கண்டுபிடித்துவிடும். உங்களுக்குக் கோபம் என்றால் கோபம் என்று சொல்லலாம். "நான் ஒரு வாரம் உட்கார்ந்து செஞ்ச படம் அது. கிழிஞ்சு கிடந்தப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரு மனிதராகச் சொல்வதற்கும், "பள்ளிச் சொத்தைப் பாழாக்குவது ஒழுங்கீனம்" என்று அறிவிப்பதற்கும் எவ்வளவோ தூரம். சம்மர்ஹில் குழந்தைகள் நீலை வெறுமனே "நீல்" என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் அக்கா, அண்ணா என்றே வைத்துக்கொள்ளலாம். சார், மிஸ் என்றாலும் குறைவில்லை. எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைவிட, மறுத்துப் பேச முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சம்மர்ஹில்லில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. சண்டை வந்தால் கூப்பிடுவதற்கென்று சில மூத்த மாணவர்கள் நடுவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார்கள். தொல்லைக்கு ஆளான குழந்தை ஒரு நடுவரைத் தேடிப் போகும். அவர் இரு தரப்பையும் நிறுத்திப் பேசவைப்பார். அங்கேயே பல தகராறுகள் முடிந்துவிடும். தீராதது மட்டும் கூட்டத்துக்கு வரும். எதற்கெடுத்தாலும் ஆசிரியரிடம் ஓடும் பழக்கம் இதனால் குறையும். இரண்டு பேர் அல்லது மூன்று பேரை, ஒரு பருவத்துக்கு மட்டும், நடுவராகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒருவராவது பெண்பிள்ளையாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: கூட்டத்துக்கு ஓர் உருவம் கொடுங்கள்

நாளும் நேரமும் மாறக் கூடாது. தேர்வு வருகிறது, விருந்தினர் வருகிறார் என்று தள்ளிவைக்கத் தொடங்கினால், இந்தக் கூட்டம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று குழந்தைகள் சரியாகவே கணக்குப் போட்டுவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை, நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். சின்னக் குழந்தைகள் மட்டும் என்றால் இருபது நிமிடம்.

எல்லோரும் ஒரே உயரத்தில், வட்டமாக உட்காருங்கள். ஆசிரியர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்து உட்காராமல் பிள்ளைகளுக்கு நடுவே கலந்துவிட வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் நான்கு பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்த இடம் தானாகவே மேடையாகிவிடுகிறது.

தலைவர் ஒரு குழந்தை. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். முதல் சில கூட்டங்களில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம், தலைமை மட்டும் மாறக் கூடாது. தலைவர் வேலைக்கு ஒரு சிறு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் பத்து வயதுப் பிள்ளையும் நன்றாக நடத்தும்:

"கூட்டம் தொடங்குது. போன வார முடிவெல்லாம் என்னாச்சுன்னு முதல்ல படிக்கிறோம்."
"இந்த விஷயத்தை எழுதினது யார்? சொல்லுங்க."
"கை தூக்கினவங்க மட்டும் பேசலாம். இதுவரைக்கும் பேசாதவங்களுக்கு முதல் வாய்ப்பு."
"இப்ப யோசனை என்னன்னு ஒரே வாக்கியத்துல சொல்லுங்க. ஓட்டு எடுக்கலாமா?"

தலைவர் பேச்சை நிறுத்தச் சொன்னால் ஆசிரியரும் நிறுத்த வேண்டும். தொடர்ந்து குறுக்கே பேசுகிறவரை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் தலைவருக்கு இருக்கட்டும். அதற்குள் பெரியவரும் அடக்கம்.

கூட்டத்தில் பேச வேண்டியதை எழுத, எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில் ஒரு பலகையோ நோட்டோ தொங்கட்டும். வாரம் முழுவதும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதத் தெரியாத குழந்தை படம் வரையலாம், அல்லது ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஆசிரியர்களின் விஷயமும் அதே பலகையில், அதே வரிசையில் வர வேண்டும். "என்னுடையது அவசரம், முதலில் எடுங்கள்" என்று பெரியவர் முந்தக் கூடாது. பலகையில் ஆசிரியர்கள் எழுதியதே நிரம்பியிருந்தால், அந்த வாரம் அது ஆசிரியர்களின் கூட்டம்தான்.

நான்காம் படி: பெரியவர்கள் எப்படிப் பேச வேண்டும்

எல்லாப் படிகளிலும் கடினமானது இது. காரணம், நம்மிடம் வார்த்தைகள் அதிகம். இருபது நிமிடம் பிள்ளைகள் தடுமாறிக் கட்டியதை ஒரு நல்ல வாக்கியத்தால் நாம் சாய்த்துவிட முடியும். சாய்த்தோம் என்பதும் நமக்குத் தெரியாது, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயத்தில் முதலில் பேசாதீர்கள். மூன்று, நான்கு குழந்தைகள் பேசிய பிறகு கை தூக்குங்கள். பேசினால் உங்கள் கருத்தை, உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள். "எல்லோருக்கும் நல்லது எதுன்னா..." என்று தொடங்கினால் அது கருத்து அல்ல, தீர்ப்பு. "எனக்கு இது சரியாப் படல, ஏன்னா..." என்று சொன்னால் எதிர்த்துப் பேச இடம் இருக்கிறது.

கடைசியில் தொகுத்துச் சொல்லும் ஆசையை விட்டுவிடுங்கள். "ஆக, நாம் இன்று கற்றுக்கொண்டது" என்று ஆசிரியர் ஆரம்பித்தால் கூட்டம் மறுபடி வகுப்பாகிவிடும். ஒரு குழந்தை சொன்னதை "நீ என்ன சொல்ல வர்றன்னா" என்று அழகாகத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அந்தக் குழந்தையே இன்னொரு முறை சொல்லட்டும்.

ஒரு குழந்தை சொல்வது உங்களுக்குத் தவறாகப் பட்டால் மறுக்கலாமா? கட்டாயம் மறுக்கலாம். மறுக்காமல் இருப்பது அந்தக் குழந்தையைப் பெரிய ஆளாக மதிக்காததன் அடையாளம். தகவல் தவறாக இருந்தால் திருத்துங்கள். ஆபத்து தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் ஒரு முறை சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒரே விஷயத்துக்கு ஒரு பெரியவருக்கு இரண்டு வாய்ப்புதான் என்று கூட்டமே விதி போட்டுக்கொண்டால் மிகவும் நல்லது.

கூட்டம் முடிந்த பிறகு அதில் பேசியதற்காக எந்தக் குழந்தையையும் தனியே கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. "என்னைப் பத்தி அப்படிச் சொல்லிட்டியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் கூடாது. ஒரே ஒரு முறை இது நடந்தால் போதும், பள்ளி முழுவதும் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: முடிவெடுப்பதும் எழுதிவைப்பதும்

வாக்கெடுப்பா, ஒருமித்த கருத்தா என்று பலர் நிறைய விவாதிக்கிறார்கள். சம்மர்ஹில்லும் சட்பரி வேலியும் வாக்கெடுப்பைத்தான் பயன்படுத்துகின்றன. தொடக்கத்தில் எனக்கும் அதுவே நல்லதாகப் படுகிறது. ஒருமித்த கருத்து வரும்வரை பேசுவோம் என்றால், கடைசிவரை பொறுமையோடு பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார். அது பெரும்பாலும் பெரியவராகவே இருக்கும். வாக்கெடுப்பில் ஆறு வயதுக் குழந்தை பேசாமலேயே உங்களைத் தோற்கடிக்க முடியும்.

பெரும்பான்மைக்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரு குழந்தையின் உடல், உடை, உணவு, சாதி, மதம், வீடு இவற்றில் எதையும் கூட்டம் வாக்கெடுப்புக்கு எடுக்க முடியாது என்று முதல் நாளே விதி எழுதுங்கள். யார் என்ன சாப்பாடு கொண்டுவரலாம் என்று கைதூக்கி முடிவு செய்வது ஜனநாயகம் இல்லை. ஒரு முடிவால் அதிகம் பாதிக்கப்படப்போகிறவர் யார், அவர் பேசிவிட்டாரா என்று வாக்கெடுப்புக்கு முன் தலைவர் கேட்க வேண்டும்.

முடிவு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன முடிவு, யார் செய்வார், எப்போது மறுபடி பார்ப்போம். வட அயர்லாந்தின் லாரா லுண்டி என்ற கல்வியாளர், குழந்தையின் கருத்துரிமைக்கு நான்கு வேண்டும் என்று 2007-இல் எழுதினார்: பேச இடம், பேசக் குரல், கேட்க ஆள், கேட்டதால் வரும் விளைவு. முதல் இரண்டைப் பள்ளிகள் ஓரளவு கொடுத்துவிடும். கடைசி இரண்டில்தான் எல்லாம் நின்றுபோகும். போன வாரம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசிய பையனுக்கு, இந்த வாரக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்க வேண்டும். பணம் இல்லாததால் சரிசெய்யவில்லை என்றாலும், எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்று சொல்லியாக வேண்டும்.

ஆறாம் படி: பெரியவர் மீதும் புகார் வரட்டும்

இதற்கு நான் யானுஷ் கோர்ச்சாக்கிடம்தான் போவேன். போலந்து நாட்டு யூத மருத்துவர் அவர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சாவின் குரோக்மால்னா தெருவில் 1912-இல் திறந்த அநாதை இல்லத்தை அவரும் ஸ்டெஃபா வில்சின்ஸ்காவும் நடத்தினார்கள். அங்கே குழந்தைகளின் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அந்த வாரம் எந்த வழக்கிலும் சிக்காத குழந்தைகளின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகளை எடுப்பார்கள்.

அந்த நீதிமன்றத்துக்குக் கோர்ச்சாக் எழுதிய சட்டத் தொகுப்பைப் படித்தால் மனம் நெகிழும். முதல் 99 பிரிவுகள் வழக்கைக் கைவிடுவதற்கும் மன்னிப்பதற்கும் உரியவை. தெரியாமல் செய்தான், இனி செய்யமாட்டான், வருந்துகிறான் என்று மன்னிக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் அதில் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் 100, 200 என்று கடுமையான தீர்ப்புகள் வருகின்றன. 1000-ஆம் பிரிவு இல்லத்தை விட்டு அனுப்புவது.

ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தன்னையே அந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார். ஒரு பையனைக் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகித்தது. எல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார். அறைந்தது அவர் செய்த தவறு. அதற்குக் குழந்தைகளிடமே பதில் சொன்னது, அதற்கு முன் நான் எந்தப் பள்ளி வரலாற்றிலும் படித்திராத ஒன்று.

உங்கள் பள்ளியில் இதை இப்படித் தொடங்கலாம். புகாரை எழுதித் தர வேண்டும்: யார், எப்போது, என்ன நடந்தது. சட்பரி வேலியில் பல வயதுக் குழந்தைகளும் ஒரு பெரியவரும் சேர்ந்த நீதிக் குழு எழுதிய புகாரை எடுத்து, சாட்சி கேட்டு, விதி மீறப்பட்டதா என்று பார்க்கிறது. தீர்ப்பு பிடிக்காதவர் பள்ளிக் கூட்டத்திடம் மேல்முறையீடு செய்யலாம். உண்மை என்ன என்று கண்டுபிடிப்பதையும், என்ன செய்யலாம் என்று முடிவு செய்வதையும் இரண்டு கட்டமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் கலந்தால் பிடிக்காத பிள்ளைக்கு அதிகத் தண்டனை கிடைத்துவிடும்.

ஆசிரியர் மீது முதல் புகார் வரும் நாள் உங்கள் பள்ளிக்கு முக்கியமான நாள். பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்: வகுப்புக்குத் தாமதமாக வந்தார், போனைப் பார்த்துக்கொண்டே பேசினார், எல்லோர் முன்னாலும் கத்தினார். அந்த ஆசிரியர் தன் தரப்பைச் சொல்லட்டும், மற்ற ஆசிரியர்கள் அவருக்காக வாதாட வேண்டாம். குழு முடிவு சொன்னால் அதன்படி நடக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இதைப் பேசி வைத்துக்கொண்டால் காயம் குறைவாக இருக்கும். சிலருக்கு இது தாங்க முடியாததாக இருக்கும். அவர்களைக் குறை சொல்லாமல், வேலைக்குச் சேரும்போதே இதை விளக்கிவிடுவதுதான் நியாயம்.

குழந்தைகள் தங்களுக்குள் கொடுக்கும் தண்டனைகள் தொடக்கத்தில் கடுமையாக இருக்கும். ஒரு மாதம் விளையாடக் கூடாது என்பார்கள். பயப்பட வேண்டாம். "இது உனக்கு வந்தா ஏத்துப்பியா?" என்று தலைவர் கேட்டாலே குறையும். அடி, பட்டினி, அவமானம் மூன்றும் எந்த வாக்கெடுப்பாலும் வர முடியாது என்பது மட்டும் எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும்.

ஏழாம் படி: பேசாத குழந்தைகள்

மூன்று கூட்டம் முடிந்ததும் நோட்டை எடுத்து, யார் பேசினார்கள் என்று பாருங்கள். ஏழெட்டுப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். வயதில் மூத்தவர்கள், வீட்டில் பேச இடம் கிடைத்தவர்கள், பெரும்பாலும் பையன்கள். பேசாதவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கோர்ச்சாக் தன் இல்லத்தில் ஒரு கடிதப் பெட்டி வைத்திருந்தார். வாயால் கேட்கக் கூச்சப்படுகிற குழந்தை எழுதிப் போடலாம். எழுதும்போது குழந்தை யோசிக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கப் பழகுகிறது, பெரியவருக்கும் யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடைக்கிறது என்பது அவர் அனுபவம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அது பெரும்பாலும் புகாருக்கானது. அதோடு, யோசனைக்கும் கேள்விக்கும் வகுப்புக்கு ஒரு பெட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் திறந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் எழுதுங்கள். திறக்காத பெட்டியைவிடப் பெட்டி இல்லாமலிருப்பதே மேல்.

கூட்டத்துக்குள், முதலில் இருவர் இருவராக இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் பிறகு பொதுவில் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயிலிருந்து எளிதாக வரும். எந்தக் குழந்தையையும் பெயர் சொல்லிப் பேசக் கட்டாயப்படுத்த வேண்டாம். சம்மர்ஹில்லில் கூட்டத்துக்கு வருவதே கட்டாயமில்லை. நீங்களும் அப்படி விட முடிந்தால், வராதவர்கள் எண்ணிக்கையே உங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதற்கு நேர்மையான மதிப்பெண்.

எட்டாம் படி: கூட்டம் சலிக்கும்போது

சலிக்கும். முதல் மாதத்து உற்சாகம் வடிந்து, ஒரே காலணித் தகராறு ஐந்தாவது முறை வரும்போது எல்லோரும் நெளிவார்கள். பெரியவர்கள் அப்போதுதான் மெல்லக் கூட்டத்தைக் கைக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்காதீர்கள். "கூட்டம் போரடிக்குது" என்பதையே பலகையில் எழுதி, அதையே பேசுபொருளாக வையுங்கள். கோர்ச்சாக்கின் நீதிமன்றமே சரியாக நடக்காமல் சில காலம் நிறுத்தப்பட்டு, சில மாற்றங்களோடு மறுபடி தொடங்கியது. சம்மர்ஹில்லில் தூங்கும் நேர விதிகளைக் கூட்டமே தூக்கிப் போட்டு, பிறகு தூக்கமில்லாமல் அலுத்துத் தாங்களே திரும்பக் கொண்டுவந்ததும் உண்டு. பெரியவர்கள் ஆரம்பத்திலேயே தடுத்திருந்தால் தூங்கும் நேரம் என்பது பெரியவர்களின் விதியாகவே இருந்திருக்கும்.

பெற்றோரும் அதிகாரிகளும்

பெற்றோரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்வையாளர்களாகக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஓர் எட்டு வயதுப் பிள்ளை தன் ஆசிரியரை மறுத்துப் பேச, ஆசிரியர் அதை நின்று கேட்பதை நேரில் பார்த்தால், நீங்கள் தரும் விளக்கம் பாதி தேவைப்படாது. வீட்டில் அதே பிள்ளை எதிர்த்துப் பேசத் தொடங்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதிகாரிகளைப் பொறுத்தவரை சம்மர்ஹில்லின் வழக்கு தெரிந்திருப்பது நல்லது. 1999-இல் பள்ளி ஆய்வுக்குப் பிறகு, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி பிரிட்டிஷ் அரசு அந்தப் பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பியது. வகுப்புக்குப் போவது மாணவர் விருப்பம் என்ற அடிப்படையே கேள்விக்குள்ளானது. பள்ளி எதிர்த்துப் போராடியது. 2000 மார்ச்சில் லண்டனில் அரச நீதிமன்றக் கட்டடத்தில் தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்தது. சில நாட்களிலேயே அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கிவந்தது. சமரசத்தை ஏற்கலாமா என்று யார் முடிவு செய்வது? அந்த நீதிமன்ற அறையிலேயே குழந்தைகள் தங்கள் பள்ளிக் கூட்டத்தை நடத்தி, விவாதித்து, ஏற்பதாக முடிவு செய்தார்கள். இனி ஆய்வுக்கு வருகிறவர்கள் கூட்டத்தில் குழந்தைகள் சொல்லும் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் இருந்தது. கூட்டக் குறிப்பு நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். யாராவது கேள்வி கேட்டால் அவைதான் உங்கள் பேச்சாளர்.

வழக்கமான பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியராக

உங்கள் பள்ளி மாறப்போவதில்லை, உங்களிடம் இருப்பது ஒரு வகுப்பும் வாரத்துக்கு ஒரு பாடவேளையும்தான் என்றாலும் தொடங்கலாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஐ.நா. 1989-இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் 12-ஆம் பிரிவு குழந்தைக்குத் தருகிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தையைப் பயத்திலிருந்து விடுவித்துக் கருத்துகளைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் தயங்கினால் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காகக் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர் சொல்லிக்கொடுத்ததைப் பேசவைப்பது, விழாவுக்கு அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு ஓர் இடம் கொடுப்பது. வகுப்புத் தலைவன் பலகையில் "பேசுபவர்கள் பெயர்" எழுதும் பழக்கத்தை இந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். அவன் வகுப்பின் பிரதிநிதியா, ஆசிரியரின் ஆளா? முதல் மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம். அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டு, நீங்கள் இல்லாத நேரத்தில் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களையே விதி எழுதச் சொல்லுங்கள்.

முதல் கூட்டத்துக்கு விஷயம் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். குழந்தைகளுக்கு அது தினமும் உறுத்துவதாக இருக்க வேண்டும். உங்கள் கையிலேயே அதை மாற்றும் அதிகாரம் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் மாற்றம் கண்ணில் தெரிய வேண்டும். யார் எங்கே உட்காருவது, வீட்டுப்பாடம் எந்தெந்த நாளில், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது எப்படி, இவையெல்லாம் நல்ல தொடக்கம். "பள்ளியை எப்படி மேம்படுத்தலாம்?" போன்ற பெரிய கேள்வி வேண்டாம். அதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்ன என்று யோசித்து அதைத்தான் சொல்வார்கள்.

உட்காரும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நன்றாகப் படிப்பவர்கள் முன்னால் என்று இதுவரை நீங்கள் வைத்திருந்ததை மாற்றி, அவர்கள் வேறொன்றை வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். உங்களுக்கு அது சரிவராது என்று படுகிறது. அப்படியென்றால் கூட்டத்திலேயே உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள், உங்கள் ஒரு வாக்கைப் போடுங்கள், மறுநாள் காலை அவர்கள் போட்ட வரிசையில் வகுப்பைத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று பார்க்கும் தேதியை நோட்டில் எழுத மறக்காதீர்கள்.